போன கிழமை செத்தவர்

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டில் செத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரிசி வியாபாரி வேடம். கடைக்குள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவரை யாரோ பின்னால் வந்து குத்திவிட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சரித்திரத் தொடர் என்றால் யாராவது குத்துப்படத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை, முற்றிலும் வேறொரு வீடியோ நாடாவில், டோக்கியோ டாக்சி ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தபோது நான் சோபாவில் இருந்து துள்ளி எழும்பினேன். அதே மூக்கு. எதையோ கேட்க நினைத்து மறந்துவிட்டதுபோன்ற அதே வாய்.

"அம்மா, ஓடி வாங்கோ! அவர் திரும்ப வந்திட்டார்!"

அம்மா அகப்பையோடு குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"உவர் போன கிழமை செத்தவரெல்லோ?"

"ஓம். இது வேற கதை."

"அப்ப இண்டைக்கும் சாவார்" என்றுவிட்டு அம்மா அடுப்புக்குத் திரும்பினார். கறி கொதிக்கும் முன்பே டாக்சி ஓட்டுநர் செத்துப்போனார்.

அந்த நாளில் இருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்துப் பள்ளிக்கூடங்களில் எல்லோரும் பிரெஞ்சை விட்டுவிட்டு ஜப்பானிய மொழி படிக்க ஓடிய காலம். சுற்றுலாத் துறையில் வேலை கிடைக்கும் என்றார்கள். நானும் ஓடினேன். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும் மொழி ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா என்ன? வகுப்பில் மற்றவர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழித்தபோது நான் முன்வரிசையில் இருந்து கையை உயர்த்திக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கப் போனபோதும் அந்த மொழியை விடவில்லை. வணிகம் எனக்குச் சரியான அலுப்பு. அதைச் சொல்லாமல் விடுவது பொய்.

நகரத்தில் ஜப்பானியர்களுக்கென்று ஒரு மளிகைக் கடை இருந்தது. சோயா போத்தல்களுக்குப் பின்னால் ஒரு முழுச் சுவருக்கு வீடியோ நாடாக்கள். ஜப்பானில் யாரோ தொலைக்காட்சியில் இருந்து விளம்பரங்களோடு பதிவுசெய்து அனுப்பியவை. இங்கத்தைய சாதாரண டெக்கில் அவை ஓடாது. எங்கள் வீட்டு டெக்கில் ஓடும். காரணம், ரொறன்ரோவில் இருந்து மாதம் தவறாமல் யாருடையதாவது கல்யாண வீடியோ வரும். அதைப் பார்ப்பதற்காக அப்பா எல்லா நாட்டு நாடாவும் ஓடுகிற டெக் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஆக, கனடாக் கல்யாணங்களின் தயவில் எங்கள் புறநகர் மனுரேவாவில் ஒரு ஜப்பானிய நடிகர் சனிக்கிழமைதோறும் செத்துக்கொண்டிருந்தார்.

வங்கி எழுத்தராக வந்தார். குளத்தில் கிடந்தார். பாடசாலை அதிபராக வந்தார். தேநீரில் நஞ்சு. ஊழல் நகரசபை உறுப்பினராக வந்து ஒரு நல்ல கோபம் கோபித்தார். படிக்கட்டில் இருந்து தள்ளிவிட்டார்கள். அப்பா ஈஸ்ட் டாமாக்கியில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் கேட்கும் கேள்வி இதுதான்:

"ஆள் இருக்கிறாரோ, போயிட்டாரோ?"

"இன்னும் இருக்கிறார் அப்பா. ஆனா இப்ப ஒருத்தரோட தனியா மலைக்குப் போறார்."

"சரி, முடிஞ்சுது."

நான் அவரைப் பற்றி யாரும் கேட்காத ஒரு நீண்ட கட்டுரையை மாணவர் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாயகர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். இவர் வரும் அந்தச் சில நிமிடங்களில் நான் நாயகனை மறந்துபோகிறேனே, அது எப்படி? அதுதான் என் கேள்வி. பதில் தெரியாததால் கட்டுரை நீண்டுகொண்டே போனது.

பிறகு ஒரு மாசிமாத முடிவில், பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: ஜப்பானியத் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் நடிகர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கடைசிக்கு முதல் படத்தில் அந்த மூக்கு. நான் கத்தியே விட்டேன். உள்ளறையில் இருந்து உதவி இயக்குநர் பென்சிலோடு ஓடி வந்தார். அந்தக் கத்தலுக்காகத்தான் என்னை எடுத்ததாகப் பின்னர் சொன்னார். இந்த நாட்டில் அவரைத் தெரிந்த ஒரு ஆள் இருக்கும் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

ஒரே இரவில் ஒளிபரப்பி முடியும் இரண்டு மணிநேரத் துப்பறியும் கதை அது. டோக்கியோ அதிகாரி ஒருவர் ஒரு கொலையைத் துரத்தி ஆக்லாந்துக்கு வருகிறார். எங்கள் ஆள், பல வருடங்களுக்கு முன் இங்கே குடியேறிச் சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். முதலில் அவர் மேல்தான் சந்தேகம். கடைசியில், கடற்கரையில், உண்மையைச் சொல்பவரும் அவர்தான். நான் திரைக்கதையை ரயிலில் வாசித்துக்கொண்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தபடியே அறிவித்தேன்:

"அப்பா, இந்த முறை அவர் சாகேல்லை! கடைசிக் காட்சி வரை இருக்கிறார்!"

"மெய்யாவோ?" அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "வடிவா வாசிச்சனியோ?"

முதல் நாள் பஸ்ஸுக்குள் அவரைச் சந்தித்தேன். திரையில் தெரிவதைவிடக் குள்ளமானவர். வணக்கம் சொல்லி முடிக்குமுன் நான் பட்டியல் போடத் தொடங்கிவிட்டேன்: அரிசி வியாபாரி, டாக்சி, குளம், தேநீர், படிக்கட்டு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசிய ஜப்பானிய மொழி என் தலைக்குள் எங்கள் வீட்டுத் தமிழாகவே வந்து விழுந்தது. இன்றைக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"படிக்கட்டையும் பாத்தனீங்களோ?" என்றார். "அதில எனக்கு மெய்யாவே அடிபட்டு நோ வந்தது."

அந்த இலையுதிர்காலத்தில் மழை விடவே இல்லை. காலையில் எல்லோரும் கடற்கரைக்குப் போவோம். மழை. பஸ்ஸுக்குள் காத்திருப்போம். சாப்பாட்டுப் பெட்டி வரும். மீண்டும் மழை. இயக்குநர் வானத்தைப் பார்ப்பார், தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கு அந்த மழை கொள்ளை சந்தோஷம். ஓட்டுநர் ஆசனத்தில் அவர், படியில் நான், நடுவில் ஒரு பை நிறைய ஃபிஜோவாப் பழம். பஸ்ஸின் உண்மையான சொந்தக்காரர் தன் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்து கொடுத்தவை. சித்திரை மாதத்தில் ஆக்லாந்தில் யாரும் அந்தப் பழத்திடம் இருந்து தப்ப முடியாது. பச்சைத் தோல், கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டாக வெட்டிக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுவது. அவர் அதை ஒரு குழந்தையைப்போலச் சாப்பிட்டார்.

கதை கதையாகச் சொன்னார். இருபது வயதில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறார். பெயரில்லாத நடிகர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து காத்திருக்கும் பெரிய அறை ஒன்று அங்கே உண்டு. காலையில் யாராவது கதவைத் திறந்து, வெட்டுப்பட ஆள் வேண்டும் என்பார்கள். எழும்பிப் போவார்கள். முதல் சில வருடங்கள் அவருடைய முகமே படத்தில் வரவில்லை, முதுகுதான்.

"வாளை வீசுறது லேசு. விழுறதுதான் வேலை. நான் சரியா விழுந்தாத்தான் வீசுறவர் வீரன்."

பிறகு படங்கள் குறைந்தன, அந்த அறை காலியானது. நண்பர்கள் சிலர் ஊருக்குப் போனார்கள், ஒருவர் மீன் லொறி ஓட்டப் போனார். இவரைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. முதலில் ஒரு வசனம், பிறகு ஒரு பெயர், பிறகு பெயரோடு ஒரு தொழில்.

"சரித்திரக் கதையில வாள், இந்தக் காலத்துக் கதையில நஞ்சு. மற்றும்படி எல்லாம் ஒண்டுதான்."

என் கேள்வியைக் கேட்டேன். சில நிமிடங்கள் மட்டும் வந்து போகிறவரை ஏன் மறக்க முடியவில்லை? அவர் கரண்டியைப் பழத்துக்குள் குத்தி நிறுத்தினார்.

"சாகிறவன் எதையாவது பாதியில விட்டிட்டுப் போகவேணும். எழுதுறவை அதை எழுதமாட்டினம். நானா ஒண்டை வைப்பன்."

தராசு! பாதி துடைத்த தராசு! டாக்சியில் திருப்பிக்கொண்டிருந்த கண்ணாடி! எனக்கு உடனே வீட்டுக்கு ஓடிப்போய் எல்லா நாடாவையும் மறுபடி போடவேண்டும்போல் இருந்தது. என் கட்டுரைக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்ன நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார் மனைவி. கடைச் சுவரில் தொலைக்காட்சி, கீழே டெக். இவர் வரும் எல்லாவற்றையும் மனைவி பதிவுசெய்வார். இவர் செத்ததும் பதிவை நிறுத்திவிடுவார். தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போய்விடுவார்.

"வீட்டில ஒரு அலுமாரி நிறைய நாடா. ஒண்டிலயும் முடிவு இல்லை. ஆர் கொலைகாரன் எண்டு அவளுக்கு ஒரு நாளும் தெரியாது."

"அவவுக்குக் கோபமோ?"

"ஏன் எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு என்ன இருக்கு பாக்க எண்டாள்." கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்தார். "இந்த முறை சொல்லிப்போட்டு வந்தனான். கடைசிவரை பார் எண்டு. கடைசியில நான் கடற்கரையில நிப்பன் எண்டு."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. விருது இல்லை, பெரிய வேடம் இல்லை. ஒருதரமாவது அவள் நிறுத்தாத ஒரு நாடா.

வீட்டில் இதை எல்லாம் நான் சொன்னதுதான் வினை. அப்பா அதைத் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அங்கிளிடம் சொன்னார். அந்தக் கிழமையே அங்கிள் எங்கள் வீட்டு வாசலில்.

"பிள்ளை, ஜப்பான் ஹீரோ ஒராள் உம்மோட வேலை செய்யிறாராம்?"

"ஹீரோ இல்லை அங்கிள். குணச்சித்திர நடிகர்."

"அதை நோட்டீஸில போட்டால் ஆர் வருவினம்? சித்திரைப் புத்தாண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் அவர்தான். வருசா வருசம் அதே டொக்டருக்குப் பொன்னாடை போட்டுப் போட்டு, அவரிட்ட இப்ப ஒரு கடை போடுற அளவுக்கு இருக்கு."

நான் தயங்கித் தயங்கி நடிகரிடம் கேட்டேன். பிரதம விருந்தினர் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கு ஏற்றுவது, பொன்னாடை, பேச்சு, கடைசிவரை முன்வரிசையில் இருப்பது என்றேன். "கடைசிவரையோ?" என்று சிரித்து உடனே ஒத்துக்கொண்டார்.

சுவரொட்டிக்குப் படம் வேண்டும் என்றார்கள். அந்தப் பொறுப்பு எங்கள் ஏரியாவில் கராஜுக்குள் தமிழ்ப்படக் கடை வைத்திருந்த வீடியோ அண்ணாவுக்குப் போனது. மதுரைக்காரர், படம் பிடிப்பது, பெரிதாக்குவது எல்லாம் செய்வார். என்னிடம் இருந்து சில நாடாக்களை வாங்கிக்கொண்டு போனார். அத்தோடு நான் அதை மறந்துவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, எல்லர்ஸ்லி அலுவலகத்தில் உதவி இயக்குநர் என்னிடம் புதிய தாள்கள் கொஞ்சம் தந்தார். இளஞ்சிவப்பு நிறம். மாற்றங்களை உள்ளூர்க் குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். நின்றுகொண்டே வாசித்தேன். மழையால் நாட்கள் போய்விட்டன, கதையைச் சுருக்கியிருக்கிறார்கள். பஸ் ஓட்டுநர் பாதியில் குத்துப்பட்டுச் சாகிறார். உண்மையை அதிகாரி தானே கண்டுபிடிக்கிறார். கடற்கரையில் அதிகாரி மட்டும்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"திங்கள் காலை சொல்வோம். நாளைக்கு உங்கள் விழா அல்லவா, நன்றாக இருந்துவிட்டு வரட்டும்" என்றார். மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை அப்பாவின் காரில் அவரை ஹோட்டலில் இருந்து ஏற்றினோம். அப்பா அன்றைக்குக் கோட் போட்டிருந்தார். தெற்கு நெடுஞ்சாலையில் ஏறியதும், பல நாள் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக அவரிடம் கேட்டார், இந்த முறை நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களாமே என்று. அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். பின்னாசனத்தில் நான். சொல்லவா, விடவா? வாயைத் திறந்தேன், மூடினேன். அப்பா இன்னொருதரம் சிரித்தார்.

மண்டபத்தில் நடந்துகொண்டிருந்ததை அம்மா பிறகுதான் சொன்னார். அம்மா எங்கள் தோட்டத்துச் செவ்வந்தியை எல்லாம் பிடுங்கி, வெள்ளையும் மஞ்சளுமாகப் பெரிய மாலை ஒன்று கட்டிக்கொண்டு முன்னதாகவே போயிருந்தார். மேடையில் வீடியோ அண்ணா பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். அண்ணா மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

"தம்பி, அது கழுத்துக்குக் கட்டினது! உயிரோட இருக்கிற மனிசன்ர படத்துக்கு ஆரும் மாலை போடுவினமே?"

"என்னக்கா நீங்க, எங்க ஊர்ல கட்அவுட்டுக்கே மாலை போட்டுப் பால் ஊத்துவோம். கழுத்துல போட்டா ரெண்டு நிமிசத்துல கழட்டிருவாரு. இங்கன்னா கடைசி வரைக்கும் இருக்கும்ல?"

அம்மா வாதாடிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் அங்கிள் குத்துவிளக்கைத் தூக்கிவந்து, மேடையின் நடுவில், சரியாகப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

நாங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனோம். எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். நான் மேடையைப் பார்த்தேன். பார்த்த கணமே அடையாளம் தெரிந்தது. அது பாடசாலை அதிபர் கதை. தேநீரில் நஞ்சு குடித்துச் செத்தபின், அவருடைய வீட்டில், சடங்குக்கு வைக்கும் படம். ஜப்பானில் அதன் மேல் மூலைகளில் கறுப்பு ரிப்பன் கட்டுவார்கள். வீடியோ அண்ணா ரிப்பனை அழகாக வெட்டி எடுத்துவிட்டார். அதைச் சுற்றி வெள்ளைச் செவ்வந்தி. அங்கே செத்த வீட்டில் வைக்கும் பூ. முன்னால் விளக்கு. எங்கள் ஊர்க் கணக்கிலும் செத்தவர், அவர்கள் ஊர்க் கணக்கிலும் செத்தவர்.

அவர் நடைவழியின் நடுவில் நின்றுவிட்டார். கைதட்டல் தொடர்ந்தது. நான் பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இவைக்குத் தெரியாது" என்று தொடங்கினேன்.

"அப்ப மெய்தான்" என்றார், மேடையில் இருந்து கண் எடுக்காமல்.

"என்ன?"

"வியாழக்கிழமை உடுப்புக்காரப் பிள்ளை என்ர பஸ் சட்டை மாதிரி இன்னொண்டு தைக்க அளவெடுத்தவ. ஒரே சட்டை ரண்டு எண்டால், ஒண்டு ரத்தத்துக்கு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"எங்க?"

"விலாவில. பஸ்ஸுக்குள்ள."

தலையாட்டினார். அப்போ காரில் பெருவிரலை உயர்த்தியது அப்பாவுக்காக. எனக்கு முன்னாலேயே, எனக்குத் தெரியாமலே, ஒரு காட்சி நடித்துவிட்டிருக்கிறார்.

மேடையேறினார். படத்துக்கு முன்னால் நின்று, கை கூப்பி, இடுப்பில் இருந்து வளைந்து நீளமாக வணங்கினார். ஜப்பானியர் சபைக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து மண்டபம் இன்னும் பலமாகத் தட்டியது. விளக்கை ஏற்றினார். பிறகு ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கினேன்.

"இந்தப் படத்தை எனக்கு நல்லாத் தெரியும். என்ர சடங்குக்கு எடுத்த படம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒவ்வொரு முறையும் என்ர படத்துக்கு முன்னால ஆக்கள் அழேக்க நான் பக்கத்து அறையில சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பன். என்ர விளக்கை நானே ஏத்தினது இதுதான் முதல் தரம். நல்ல சனம் வந்திருக்கு. நன்றி."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்குமுன் வீடியோ அண்ணா மேடையோரத்தில் இருந்து கெஞ்சுவதுபோலக் கத்தினார்:

"ஐயோ சார், டேப்ப பாஸ் பண்ணி நிறுத்தினா படம் எல்லாம் ஆடுது சார்! இந்த ஒரு எடத்துலதான் நீங்க ஆடாம இருந்தீங்க!"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் ஒலிவாங்கியை இறக்கிவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அம்மா விறுவிறென்று மேடையேறி, படத்தில் இருந்து மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "முதலே இஞ்ச போடவேண்டியது" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்தது.

போகும்போது செயலாளர் அங்கிள் பொன்னாடையைக் கொடுத்தார். அவர் அதோடு, தலையைக் குனிந்து, அந்தப் படத்தையும் கேட்டார்.

திங்கட்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. தயாரிப்பாளர் தொண்டையைச் செருமியபோதே அவர், "விளங்குது, விளங்குது" என்று அவரைக் காப்பாற்றிவிட்டார். பஸ்ஸுக்குள் ஏறி, ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து, ஃபிஜோவா ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சாப்பிட்டு, மறுபாதியில் கரண்டியைக் குத்தி முன்பலகையில் வைத்தார். கமரா ஓட, கொலைகாரன் ஏறி அவர் விலாவில் குத்திவிட்டு இறங்கிப் போனான். அவர் கரண்டியை எடுக்கப்போவதுபோலக் கையைக் கொண்டுபோனார். கை போய்ச் சேரவில்லை. பஸ்ஸின் சொந்தக்காரர் என் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

இரத்தச் சட்டையோடேயே அவர் இயக்குநரிடம் போனார். கடைசிக் காட்சியில், அதிகாரி கடலைப் பார்த்து நிற்கும்போது, பின்னால் பஸ் நிற்கிறது. ஓட்டுநர் ஆசனத்தில் தன் படத்தை வைக்கலாமா என்று கேட்டார். படம் தன்னிடம் இருக்கிறது என்றார். இயக்குநர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"கதவு திறந்திருக்க வேணும். காத்தடிச்சா விழுந்திடும்."

"நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

அப்படித்தான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டது. கறுப்பு மணல் கடற்கரை, அதிகாரியின் முதுகு, திறந்த பஸ் கதவு, ஆசனத்தில் சட்டம் போட்ட முகம். ஆசனத்துக்குக் கீழே, கமராவுக்குத் தெரியாமல் மடங்கிக் கிடந்து, தன் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் அவர்.

"வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கோவன்" என்றேன், மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தவரிடம். "செத்தாலும் கடைசியில இருக்கிறன், நிப்பாட்டாதே எண்டு."

"சொல்லமாட்டன். சொன்னா எனக்காகப் பாப்பாள்." சட்டத்தில் இருந்த உப்புநீரைத் துடைத்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் ஜப்பானுக்குத் திரும்பிப் போனார். நான் கட்டுரையை முடித்தேன். மாணவர் பத்திரிகை அதைப் பாதியாக வெட்டிப் போட்டது. பரீட்சைகள் வந்தன. வருடக் கடைசியில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்பு, அவர்களுடைய நூடுல்ஸ் கடை முகவரியில் இருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே ஒரு நாடா மட்டும், ஜப்பானியச் செய்தித்தாளில் சுற்றி.

அப்பா வேலையில் இருந்து வரும்வரை காத்திருந்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னாலேயே இருந்தார். ஆக்லாந்து வந்தது. பஸ் வந்தது. அவர் வந்தார். அம்மா, "ஐயோ, அந்தப் பழம்" என்றார். கை கரண்டியை நோக்கிப் போனது, போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் மனைவியின் எல்லா நாடாவும் முடிந்தது என்று எங்களுக்குத் தெரியும். திரை நீலமாகப் போகும் என்று நான் காத்திருந்தேன். நூடுல்ஸ் விளம்பரம் வந்தது. பிறகு சவர்க்கார விளம்பரம். பிறகு கதை தொடர்ந்தது. அதிகாரி யோசித்தார், ஓடினார், கொலைகாரனைப் பிடித்தார். எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. கடல் வந்தது. திறந்த கதவுக்குள்ளே அந்த முகம்.

"ஆடுது" என்றார் அப்பா.

ஓம். காற்றில் படம் லேசாக ஆடியது. கீழே இருந்து யாரோ மூச்சுவிடுவதுபோல.

பெயர்கள் ஓடி முடிந்தன. நாடா நிற்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம். செய்தி. பிறகு ஒரு பெண் வரைபடத்துக்கு முன்னால் நின்று குடைகளையும் சூரியன்களையும் காட்டினாள்.

"என்ன சொல்லுறா?" என்று அம்மா கேட்டார்.

"நாளைக்கு வெயிலாம்."

நான் ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினேன். அப்பா அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"விடு பிள்ளை. அந்த மனிசியே நிப்பாட்டேல்லை. நாங்கள் ஏன் நிப்பாட்டுவான்?"